ஏழாவது ஏர்

போன மாதம் நெடுங்காட்டில் என் சித்தி வீட்டுக்கு ஒருவர் கலப்பை கேட்டு வந்தார். உழுவதற்கு இல்லை. காரைக்காலைத் தாண்டித் தெற்கே போகிற சாலையில் புதிதாக ஒரு ஹோட்டல் கட்டுகிறார்களாம். வாசலில் பழைய மர ஏர் ஒன்றை நிறுத்தி, அதைச் சுற்றிச் சின்ன விளக்குகளை ஓடவிடப் போகிறார்களாம். அன்று நானும் அங்கே இருந்தேன். மாட்டுக்கொட்டகை என்று பழக்கத்தில் நாங்கள் இன்னும் சொல்கிற இடத்தில் இப்போது இரண்டு மோட்டார் சைக்கிள்கள் நிற்கின்றன. அவற்றுக்குப் பின்னால் சுவரோரமாக எங்கள் பழைய ஏர் சாத்தியிருந்தது. அவர் அதைத் தூக்கி நிமிர்த்தினார், ஒட்டடையைத் தட்டினார், இரண்டடி தள்ளி நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு, "மேழி ஒடஞ்சு போயிருக்கேம்மா. மேல ஒரு சாண் இல்லையே. முழுசா ஒண்ணு இருந்தா சொல்லுங்க" என்றார். மேழி என்பது உழுகிறவர் கையில் பிடித்து அழுத்துகிற நெட்டுக் கட்டை. இந்த ஏரில் அதன் தலை இல்லை; வெட்டுப்பட்ட முனையில் ஒரு கந்தல் சுற்றியிருந்தது. அந்தக் கந்தல் ஒரு காலத்தில் என்ன நிறம் என்று இன்று பார்க்கிற யாராலும் சொல்ல முடியாது. எனக்குத் தெரியும். பச்சை. என் சித்தி வீட்டில் கட்டிக்கொண்டிருந்த நூல்சேலையின் முந்தானை அது.

எழுபதுகளின் கடைசியில் எனக்கு முதன்முதலாக வேலை கிடைத்தது நெடுங்காட்டுப் பக்கத்து ஆரம்பப் பள்ளி ஒன்றில். நான் காரைக்கால் டவுனில் பிறந்து வளர்ந்தவள். வயல் என்றால் பஸ் ஜன்னலுக்கு வெளியே பச்சையாக இருப்பது என்ற அளவில்தான் என் ஞானம். அம்மாவின் தங்கை வீடு பள்ளிக்கூடத்துக்குப் பக்கம் என்பதால் அங்கேயே தங்கிக்கொண்டேன். சித்திக்கு அப்போது முப்பத்திரண்டு வயது இருக்கும். குள்ளம். சித்தப்பாவுக்குப் பக்கத்தில் நின்றால் அவர் தோளுக்குக் கீழேதான் இவள் தலை வரும். குரல் மட்டும் இரண்டு ஆள் உயரம். டவுனிலிருந்து வந்த டீச்சர் என்ற மிதப்பில் நான் ஏதாவது சொன்னால், "ஆமாமா, நீ பொஸ்தகத்துல பாத்திருப்ப" என்று ஒரே வார்த்தையில் என்னை உட்கார வைத்துவிடுவாள்.

என் வகுப்பறைச் சுவரில் எழுத்துப் படம் ஒன்று தொங்கியது. 'ஏ' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் ஏர். தலைப்பாகை கட்டிய ஆள், இரண்டு மாடு, பின்னால் ஒரு சூரியன். பிள்ளைகளுக்கு அதை நான் சொல்லிக் கொடுக்க வேண்டியதே இல்லை. அந்தத் தெருவில் ஏர் என்ற சொல் நாள் முழுக்கப் புழங்கிக்கொண்டே இருந்தது. 'ஏர் கட்டுற நேரம்' என்றால் கிழக்கு வெளுக்கிற வேளை. 'ஏர் அவுக்குற நேரம்' என்றால் வெயில் முதுகில் உறைக்கிற பதினோரு மணி. என் கைக்கடிகாரத்தை அங்கே யாரும் மதித்ததில்லை. மழை பெய்தால், எவ்வளவு பெய்தது என்ற கேள்விக்கு 'ஒரு உழவு மழை' என்று பதில் வரும். பெண் பார்க்கப் போய் வந்தவர்கள் 'ரெண்டு ஏர் வூடு' என்பார்கள். அதற்குமேல் அந்த வீட்டைப் பற்றிக் கேட்க ஒன்றுமில்லை. எல்லோருக்கும் முன்னால் ஏர் ஓட்டிக்கொண்டு போய் வழி போடுகிறவரை முன்னேர்க்காரர் என்று தெருவே கூப்பிட்டது. அவர் பெயர் என்னவென்று நான் அங்கிருந்த ஆறு வருஷத்தில் கேட்டுக்கொள்ளவே இல்லை.

இதில் எனக்குப் புரியப் பல நாள் பிடித்தது, தெருவையே ஏர்களாக எண்ணுகிற வழக்கம்தான். 'எங்க தெரு ஏழு ஏர்' என்பார்கள். ஏழு வீட்டில் ஏரும் மாடும் இருக்கின்றன என்பது மட்டும் அதன் பொருள் இல்லை. அந்த ஏழும் சேர்ந்து இறங்கும். இன்றைக்கு உன் வயல், நாளைக்கு என் வயல். தண்ணீர் வாய்க்காலில் எந்த வரிசையில் வயல்கள் இருக்கின்றனவோ அந்த வரிசையில் ஏழு ஏரும் ஒன்றன்பின் ஒன்றாகப் போய் உழுது முடிக்கும். ஒரு ஆள் தனியாக ஏழு நாள் உழ வேண்டிய வயல் ஒரே காலையில் முடிந்துவிடும். விதி ஒன்றுதான்: உன் ஏர் என் வயலுக்கு வந்தால் என் ஏர் உன் வயலுக்கு வரும். கடைமடையில் இருக்கிற எங்களுக்கு இது ஆசைக்குச் செய்கிற காரியம் இல்லை. தண்ணீர் எத்தனையோ ஊர் வயல்களை நனைத்து, மிச்சப்பட்டு, முறை வைத்துத்தான் எங்கள் வாய்க்காலுக்கு வரும். ஏழு நாள் வரும், பிறகு நின்றுவிடும். அந்த ஏழு நாளுக்குள் சேற்றில் ஏர் இறங்கவில்லை என்றால் நாற்று நாற்றங்காலிலேயே நின்று முற்றிப் போகும்.

அந்த வருஷம் ஆடி பிறந்து சில நாளில் சித்தப்பா வாய்க்கால் கரையில் வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டார். தொடை வரை மாவுக்கட்டு. மூன்று மாதம் கால் தரையில் படக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் வேறு ஆண்பிள்ளை இல்லை. அவர்களுக்குப் பிறந்தவை இரண்டும் பெண், இரண்டும் என் பள்ளிக்கூடத்தில் சிலேட்டும் கையுமாக இருந்தன. நிலம் அவர்களுடையது இல்லை, குத்தகை. ஒரு வருஷம் தரிசாகக் கிடந்தால் நிலக்காரர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். அதை அவர் வாயால் சொல்ல வேண்டிய அவசியம் இல்லாமலேயே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நாற்றங்காலில் நாற்று தளதளவென்று வளர்ந்துகொண்டிருந்தது. வேறு எந்த வருஷமாக இருந்தாலும் அதைப் பார்த்துச் சித்தி பூரித்திருப்பாள். அந்த வருஷம் தினம் காலையில் போய்ப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் மெதுவா வளரேன்" என்று அதைத் திட்டிவிட்டு வருவாள்.

தண்ணீர் வந்த சனிக்கிழமை சாயங்காலம் மதகடியில் எல்லோரும் கூடினார்கள். அது வழக்கம். முன்னேர்க்காரர் வாய்க்காலைப் பார்த்து நின்று ஏரை எண்ணுவார், மறுநாள் எந்த வயல் என்று சொல்வார், கலைந்து போவார்கள். அன்று அவர் எண்ணி, "ஆறு ஏரு" என்றார். பின்னால் நின்ற பெண்கள் கூட்டத்திலிருந்து சித்தியின் குரல் வந்தது.

"ஏழுண்ணே."

அவர் திரும்பிப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை அவர். "ஓன் வூட்டுக்காரன் எந்திரிக்கட்டும் தங்கச்சி, அப்பறம் ஏழு. வயலை நாங்க தரிசா வுட்டுட மாட்டோம். எல்லாருதும் முடிஞ்சதும் கடைசியா வந்து ஓட்டிக் குடுத்துடுறோம்" என்றார்.

"கடைசியா வரச்சே தண்ணி இருக்குமாண்ணே?"

அவர் வாய்க்காலைத் திரும்பிப் பார்த்தார். சித்தியின் வயல் மதகிலிருந்து மூன்றாவது. எண்ணிக்கைக்குள் இருந்தால் மூன்றாம் நாள் உழவு. எண்ணிக்கைக்கு வெளியே போய்விட்டால், ஆறே ஏரில் ஒவ்வொரு வயலும் இழுத்துக்கொண்டு போய், அவர்களுடைய இரக்கம் வந்து சேர்கிறபோது வாய்க்கால் காய்ந்திருக்கும்.

"சரி, ஏழாவது ஏரை யாரு புடிக்கிறது?"

"நாந்தான்."

அங்கே நின்ற எனக்கு வாய்க்காலில் இறங்கி ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது. பெண் மேழியைத் தொட்டால் மழை பொய்க்கும் என்பது அங்கே சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஒருவர் அதை வாய்விட்டே சொன்னார். சித்தி அவரைப் பார்த்து, "நாத்து பறிக்கப் பொம்பள, நடப் பொம்பள, களையெடுக்க, அறுக்க, தூத்த எல்லாத்துக்கும் பொம்பள. அப்பல்லாம் பெய்யிற மழை இந்தக் கட்டையைத் தொட்டா மட்டும் கோவிச்சுக்கிட்டுப் போயிடுமாக்கும்?" என்றாள். முன்னேர்க்காரரிடம் மட்டும் குரலைத் தணித்துக்கொண்டாள். "நாளைக்கு மொத வயல் ஒங்களுதுதானேண்ணே. அங்கயே வர்றேன். சரியா ஓட்டலேன்னா நீங்களே கரையேத்தி வுட்டுடுங்க." அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் சித்தியுடன் சண்டை போட்டேன். ஊர் சிரிக்கும் என்றேன். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் முன்னால் நான் எப்படி நிற்பது என்றேன். படித்தவள், சம்பளக்காரி, நான்தான் அவளுக்கு முதுகு கொடுத்திருக்க வேண்டும். என் கவலையெல்லாம் என் மானத்தைப் பற்றியே இருந்தது. இன்றுவரை அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. சித்தி வேகமாக முன்னால் நடந்தாள். வீட்டுக்கு வந்ததும் கொட்டகைக்குப் போய் ஏரை நிறுத்தி மேழியைப் பிடித்துப் பார்த்தாள். அது அவளுக்குத் தோளுக்கு மேலே வந்தது. எக்கித்தான் பிடிக்க முடிந்தது. எக்கிக்கொண்டு அழுத்த முடியாது. அழுத்தாவிட்டால் அடியில் இருக்கிற இரும்புக் கொழு மண்ணில் இறங்காது. பரணிலிருந்து ரம்பத்தை எடுத்துக்கொண்டு வந்தாள்.

உள்ளே கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த சித்தப்பாவுக்கு ரம்பம் ஓடுகிற சத்தம் கேட்டிருக்கிறது.

"ஏய், என்னாத்தை அறுக்குற?"

"ஒங்க ஏரைத்தான்."

"ஏரையா?"

"பூராவும் இல்ல. மேழியில ஒரு சாணு."

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. அந்த ஏர் அவர் உயரத்துக்கென்று ஆசாரியிடம் நின்று செய்து வாங்கியது. அவர் கத்தப் போகிறார் என்று நான் வாசலைப் பார்த்தபடி இருந்தேன். அவர் குரல் வந்தது. "ரம்பத்தைச் சாச்சுப் புடிக்காத. நேரா அறு. சாஞ்சிருந்தா ஓரம் கையைக் கிழிச்சுடும்." சித்தி நேராக அறுத்தாள். முனை சொரசொரப்பாக இருந்தது என்று, கட்டியிருந்த சேலையின் முந்தானையில் ஒரு முழம் கிழித்து இறுக்கிச் சுற்றினாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கிழக்கு வெளுக்கும்போது முன்னேர்க்காரர் வயலில் ஆறு ஏர்கள் இறங்கிவிட்டன. சித்தி செவலை, மயிலை என்ற தன் இரண்டு மாடுகளையும் ஓட்டிக்கொண்டு கடைசியாக வந்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நுகத்தடியை வைத்து, பூட்டி, "ஹை" என்றாள். மாடுகள் நகரவில்லை. இன்னொரு முறை அதட்டினாள். செவலை வெளிப்பக்கமாகத் தள்ளியது, மயிலை எதிர்ப்பக்கமாக இழுத்தது. ஏர் அரைவட்டம் சுற்றிச் சேற்றில் சாய்ந்தது. வரப்பில் வேடிக்கை பார்க்க நின்றவர்கள் சிரித்தார்கள். "மாட்டுக்கே தெரியுது பாரு" என்றார் ஒருவர். கையில் தேநீர்த் தூக்குடன் நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றேன்.

சித்தி ஏரை நிமிர்த்தி வைத்தாள். மாடுகளுக்கு முன்னால் போய் நின்று அவற்றின் முகத்தைப் பார்த்தாள். பிறகு பின்னால் வந்து முதுகைப் பார்த்தாள். சட்டென்று நெற்றியில் அடித்துக்கொண்டு உரக்கச் சிரித்தாள். "அட என் மடத்தனமே! இத்தனை வருசமா தீனி போட்டு இதுங்க மூஞ்சியத்தானே பாத்திருக்கேன். முதுகை இன்னைக்குத்தான் பாக்குறேன்!" தொட்டியில் தண்ணீர் காட்டும்போது அவளுக்கு வலது கைப் பக்கம் நிற்கிறது செவலை. அதனால் வலது பக்கம் பூட்டியிருக்கிறாள். ஆனால் அவளுக்கு எதிரே நிற்கிற மாட்டுக்கு அது இடது பக்கம். உழவு மாடு பழக்கும்போதே ஒன்று இடத்துக்கு, ஒன்று வலத்துக்கு என்று பழக்கிவிடுவார்கள்; மாற்றிப் பூட்டினால் எவ்வளவு நல்ல மாடும் நடக்காது. பின்னாலிருந்தே மாட்டைப் பார்த்துப் பழகிய எந்த ஆணும் இந்தத் தவறைச் செய்ய முடியாது. அவள் சிரித்த சிரிப்பில் வரப்பில் நின்றவர்களின் சிரிப்புக்கு வேலை இல்லாமல் போயிற்று. முன்னே போய்க்கொண்டிருந்த ஏர்க்காரர்களில் ஒருவர் திரும்பி, "மாத்திப் பூட்டும்மா, போவும்" என்றார். அவர் குரலில் கேலி இல்லை.

மாற்றிப் பூட்டினாள். மாடுகள் நடந்தன. முதல் சுற்றில் சேற்றில் அவள் கீறிய சால் கோணலாகத்தான் இருந்தது. இரண்டாவது கொஞ்சம் தேவலை. மூன்றாவது சுற்றில் முன்னால் போகிற ஏரின் சாலோடு ஒட்டி அவள் சாலும் வந்தது. வெயில் ஏறியது. அவள் வாயில் பேச்சு நின்றது, மாடுகளை அதட்டுகிற சத்தம் மட்டும். சேறு முழங்காலுக்குமேல் அப்பியிருந்தது. சுற்று முடிந்து என் பக்கம் திரும்பி வரும்போதெல்லாம் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. மேழியில் சுற்றிய பச்சைத் துணி கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்துக்கொண்டு வந்தது. அதில் பாதி சேறு, பாதி அவள் உள்ளங்கை ரத்தம் என்று சாயங்காலம் மஞ்சள் பற்றுப் போடும்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஏர் அவிழ்க்கிற நேரம் வந்தது. வயல்காரர் வீட்டிலிருந்து கஞ்சி வர வேண்டும்; ஏருக்கு ஒரு மொந்தை, அதுதான் முறை. முன்னேர்க்காரரின் மனைவி வேப்பமரத்தடியில் பானையை இறக்கி மொந்தைகளைப் பரப்பினார். ஆறு மொந்தை. ஆறு ஏர் என்றுதானே வீட்டில் சொல்லிவிட்டு வந்திருப்பார். சித்தி மாடுகளை அவிழ்த்துவிட்டு, மற்றவர்களிடமிருந்து தள்ளி, வரப்பில் உட்கார்ந்திருந்தாள். முன்னேர்க்காரர் மொந்தைகளைப் பார்த்தார். உழுத வயலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மனைவியிடம் எல்லோருக்கும் கேட்கும்படி எரிந்து விழுந்தார்.

"ஏழு ஏருக்குக் கொண்டான்னா ஆறு மொந்தையைத் தூக்கிட்டு வந்து நிக்கிறியே, எண்ணத் தெரியாதா ஒனக்கு?"

அந்த அம்மாள் விடுவதாக இல்லை. "நல்லாருக்கே கதை! நீங்கதானே ஆறுன்னுட்டு வந்தீங்க?" என்றார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். முன்னேர்க்காரர் தன் மொந்தையை எடுத்து, கஞ்சி ஊற்றி, வரப்பில் சித்திக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார். சித்தி மொந்தையைப் பிடிக்கப் பார்த்தாள்; விரல்கள் மடங்கவில்லை. அந்தக் கையால் மொந்தையைத் தூக்க முடியாது என்று அவளுக்கே தெரிந்திருக்க வேண்டும். "எனக்குக் குடிக்க முடியலண்ணே. ஆனா இருக்கட்டும், எடுக்காதீங்க. எண்ணிக்கைக்கு இருக்கட்டும்" என்றாள். அந்த இடத்தில்தான் நான் அழுதேன்.

மூன்றாம் நாள் ஏழு ஏரும் சித்தியின் வயலில் இறங்கின. நான் பள்ளிக்கூடத்துக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு ஏழு மொந்தைகளை நானே சுமந்துகொண்டு போனேன். வரப்பில் இரண்டு முறை வழுக்கினேன். தண்ணீர் நிற்பதற்கு முன் நடவு முடிந்தது. மழை எல்லா வருஷமும் போல ஐப்பசியில் வந்தது, கொஞ்சம் அதிகமாகவே வந்தது. கடற்கரைக் குப்பத்திலிருந்து மீன் கொண்டுவருகிற அம்மாள் ஒருத்தி கூடையை இறக்கி வைத்துவிட்டு இந்தக் கதை முழுவதையும் கேட்டாள். "எங்கள்ல பொம்பள படவுல கால வைக்கக் கூடாதும்பாங்க. நீ பொழச்ச தாயி" என்று அன்றைக்கு இரண்டு மீனைக் கூடுதலாகப் போட்டுவிட்டுப் போனாள். நான் பயந்தபடியே பிள்ளைகளும் என்னைக் கேட்டார்கள். "டீச்சர், ஒங்க சித்தி மாட்டை மாத்திப் பூட்டிட்டாங்களாமே?" என்றது ஒன்று. "ஆமாம், பிறகு சரியாகப் பூட்டினார்கள்" என்றேன். எழுத்துப் படத்தில் தலைப்பாகைக்காரர் உழுதுகொண்டே இருந்தார். வீட்டில் அகராதியை எடுத்து, ஏர் பிடிக்கிற பெண்ணுக்கு ஒரு சொல் இருக்கிறதா என்று தேடினேன். உழவர் குலத்துப் பெண் என்ற பொருளில் ஒரு சொல் கிடைத்தது. மேழி பிடித்தவள் என்ற பொருளில் எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. தெருவில் அதற்காக யாரும் காத்திருக்கவில்லை. 'ஏழாவது ஏரு வந்துட்டா?' என்று கேட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

மாவுக்கட்டுப் பிரித்து, மறு வருஷம் சித்தப்பா நடமாடினார். ஆனால் சேற்றில் வெகுநேரம் நிற்கக் கால் இடம் கொடுக்கவில்லை. முதல் சில சுற்று அவர் ஓட்டுவார், பிறகு சித்தி வாங்கிக்கொள்வாள். இருவருக்கும் ஒரே ஏர். சித்தப்பா நல்ல உயரம். ஒரு சாண் குறைந்த மேழியை அவர் முதுகை வளைத்துக் குனிந்துதான் பிடிக்க வேண்டியிருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் எதையோ தவறவிட்டுத் தேடுகிறவர் போல இருக்கும். ஆசாரி இரண்டு முறை வீட்டுக்கே வந்து, புது மேழி போட்டுத் தருகிறேன் என்றார். நானும் ஒரு நாள் கேட்டேன், "ஏன் சித்தப்பா இப்படி முதுகு நோகக் குனியணும், மேழியை மாத்திடலாமே" என்று. மாட்டைக் கழுவிக்கொண்டிருந்தவர் நிமிராமலே சொன்னார். "நான் குனிஞ்சுக்கலாம்மா. அவளால எக்க முடியாதுல்ல." எண்பதுகளில் தெருவுக்கு டிராக்டர் வருகிறவரை, ஏழெட்டு வருஷம், அவர் குனிந்தே உழுதார்.

டிராக்டர் வந்த அன்று தெருவில் யாரும் கண்ணீர் விடவில்லை. சித்தி முதல் ஆளாகப் போய்த் தன் வயலுக்கு அதைக் கூப்பிட்டாள். உள்ளங்கையில் காய்ப்பு இருக்கிறவர்களுக்கு அந்த இயந்திரத்தின் அருமை தெரியும். மாடுகள் போயின, நுகத்தடி அடுப்புக்குப் போயிற்று. சித்தப்பா போய் ஐந்து வருஷம் ஆகிறது. ஏர் மட்டும் சுவரோரம் நின்றது.

ஹோட்டல்காரர் மேழி உடைந்திருக்கிறது என்று சொன்னபோது நான் கோபத்தோடு வாயைத் திறந்தேன். சித்தி கையமர்த்தினாள். நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்து, மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே நடந்து வந்தாள். "ஒடயல தம்பி. அது என் ஒசரம்" என்றாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பாட்டிக்கு வயசாகிவிட்டது என்று நினைத்திருப்பார். வேறு வீட்டில் முழு ஏர் இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் நிமிர்த்தி வைத்த ஏர் அப்படியே நின்றது. சித்தி அதைச் சாத்தப் போனவள், பழக்கத்தில் மேழியைப் பிடிக்கக் கையை நீட்டினாள். கை முனைக்குக் கீழே, வெறும் கட்டையில் போய்ப் பட்டது. வயசு அவளை அவ்வளவு குறுக்கியிருக்கிறது. நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குதிகாலைத் தூக்கி, எக்கி, அந்தக் கந்தலைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏண்டி, அந்த ரம்பம் இன்னும் பரண்லதான் இருக்கா?" என்றாள்.